மேஜர் டெய்லர்: சோகக் கதையா மட்டும் சொல்லாதீங்க, அவர் ரேஸ் ஓட்டினதைப் பேசுவோம்

முன்சக்கரம் (வெள்ளி, இரவு 9:40)

வணக்கம் மக்களே. நேத்து ராத்திரி 2024 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ்ல பினியம் கிர்மாய் டூரின்ல ஜெயிச்ச அந்த மூணாவது ஸ்டேஜை (மூணாவது நாள் ஓட்டத்தை) மறுபடி போட்டுப் பார்த்துட்டிருந்தேன். எரித்ரியாக்காரர், டூர்ல ஸ்டேஜ் ஜெயிச்ச முதல் கறுப்பின ஆப்பிரிக்கர், அந்த வருஷம் புள்ளிக் கணக்குல முதல் வர்றவருக்குத் தர்ற பச்சை ஜெர்சியும் அவருக்குத்தான் போச்சு. பக்கத்துல உக்காந்திருந்த என் தம்பி, "இந்த விளையாட்டுல கறுப்பினத்தவங்க இப்பதான் தலையெடுக்கறாங்க போல"ன்னான். எனக்குத் தூக்கம் போச்சு. வீடியோவை நிறுத்திட்டு ஒரு மணி நேரம் அவனுக்கு மேஜர் டெய்லர் கதை சொன்னேன், சொல்லி முடிச்சப்புறமும் மனசு அடங்கல, அதான் இந்த இழை.

மார்ஷல் வால்டர் டெய்லர். 1878 நவம்பர் 26, அமெரிக்காவுல இண்டியானாபொலிஸ்ல பிறந்தவர். 1899 ஆகஸ்ட் 10, கனடாவுல மொன்றியல்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல ஒரு மைல் ஸ்ப்ரிண்ட்ல ஜெயிச்சு உலக சாம்பியன் ஆனார். வயசு 20. எந்த விளையாட்டா இருந்தாலும் சரி, உலகப் பட்டம் வாங்கின கறுப்பினத்தவர்னு பார்த்தா அவருக்கு முன்னாடி குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் டிக்ஸன் ஒருத்தர்தான். ஜாக் ஜான்சன் ஹெவிவெயிட் பட்டம் வாங்கினது 1908ல. ஜாக்கி ராபின்சன் பேஸ்பால்ல பெரிய லீக்ல கால் வச்சது 1947ல. அதுக்கெல்லாம் எவ்வளவு முன்னாடின்னு பாருங்க.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். இவரைப் பத்தி எங்க படிச்சாலும் பாதி கட்டுரை பட்ட கொடுமை, மீதி கட்டுரை கடைசிக் காலத்து வறுமை, நடுவுல ரெண்டு வரியில "உலக சாம்பியன் ஆனார்"னு போயிடறாங்க. கொடுமை நடந்தது நிஜம், மறைக்கக் கூடாது. ஆனா அந்த மனுஷன் ரேஸ் ஓட்டினவரு சாமி. எப்படி ஓட்டினாரு, எப்படி ஜெயிச்சாரு, அவரு மூளை எப்படி வேலை செஞ்சுது, அதைக் கொண்டாட வேண்டாமா? தெரிஞ்சவங்க வந்து எழுதுங்க.

எட்டரைபஸ் (வெள்ளி, இரவு 9:58)

அண்ணே சத்தியமா இந்தப் பேரையே இப்பதான் கேள்விப்படறேன். மிலிட்டரில இருந்தவரா? மேஜர்னு எப்படிப் பேரு வந்துச்சு?

முன்சக்கரம் (வெள்ளி, இரவு 10:25)

@எட்டரைபஸ் மிலிட்டரி இல்ல தம்பி. அவங்கப்பா கில்பர்ட் டெய்லர் உள்நாட்டுப் போர்ல வடக்குப் பக்கம் நின்னு சண்டை போட்டவர், அப்புறம் இண்டியானாபொலிஸ்ல சௌதர்ட்னு ஒரு பணக்கார வெள்ளைக் குடும்பத்துக்குக் குதிரைவண்டி ஓட்டினார். அந்த வீட்டுப் பையன் டேனியலுக்கும் மார்ஷலுக்கும் ஒரே வயசு, ரெண்டு பேரும் கூடிப்போனதால மார்ஷல் அந்த வீட்டுலயே தங்கி வளர ஆரம்பிச்சான். டேனியலோட சிநேகிதங்க எல்லார்கிட்டயும் சைக்கிள் இருந்துச்சு, அதனால இவனுக்கும் ஒண்ணு வாங்கித் தந்தாங்க. பிறகு அந்தக் குடும்பம் சிகாகோ போயிடுச்சு, பையன் அப்பா அம்மாகிட்ட திரும்பி வந்துட்டான், சைக்கிள் மட்டும் கையோட வந்துச்சு. பேப்பர் போட்டான், சும்மா இருக்கற நேரத்துல சைக்கிள்ல வித்தை பழகினான்.

ஹே அண்ட் வில்லிட்ஸ்னு ஒரு சைக்கிள் கடை. அவன் செய்யற வித்தையைப் பார்த்துட்டு, கடை வாசல்ல தினமும் செஞ்சு காட்டு, சம்பளம் தர்றோம்னு வேலைக்கு வச்சுக்கிட்டாங்க. கூட்டம் சேர்க்கறதுக்காக ராணுவ உடுப்பு மாதிரி ஒண்ணைப் போட்டுவிட்டாங்க. அதைப் பார்த்து ஜனங்க "மேஜர்"னு கூப்பிட, அதே நிலைச்சுப் போச்சு.

முதல் ரேஸ் கதையைக் கேளுங்க, இதை அவரே தன்னோட வாழ்க்கை வரலாறுல எழுதியிருக்காரு. கடைக்காரங்க வருஷா வருஷம் நடத்தற பத்து மைல் ரோடு ரேஸ். பையன் வேடிக்கை பார்க்கப் போறான். முதலாளி ஹே அவனைக் கூட்டத்துல பார்த்துட்டு, கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து ஸ்டார்ட்டுல நிறுத்தறாரு, சும்மா ஜனங்க சிரிக்கட்டுமேன்னு. பையன் அழறான். "கொஞ்ச தூரம் போ, முடியலன்னா திரும்பி வந்துடு"ன்னு காதுல சொல்லி அனுப்பறாரு. சின்னப் பையங்கறதால மத்தவங்களுக்கு 15 நிமிஷம் முன்னாடியே அனுப்பிட்டாங்க. பாதி வழியில பார்த்தா பையன் இன்னும் முன்னாடிதான் போயிட்டிருக்கான். முதலாளி வண்டியில துரத்திட்டுப் போய் ஜெயிக்கறவனுக்குத் தர வேண்டிய தங்க மெடலை எடுத்து அவன் கண்ணு முன்னாடி ஆட்டிக் காட்டறாரு. ஆறு செகண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சான், கோட்டைத் தாண்டினதும் மயங்கி விழுந்தான். மெடலை நேரா அம்மாகிட்ட கொண்டு போய்க் குடுத்தான்.

சிரிக்கறதுக்காக நிறுத்தின பையன்!

ஒத்தகியர் (வெள்ளி, இரவு 11:10)

நல்ல இழை. நான் ரெண்டு வருஷமா ட்ராக்ல ஓட்டறவன், அதனால ரேஸ் பக்கத்தை நான் சொல்றேன்.

ட்ராக் பைக்குக்கு பிரேக் கிடையாது, ஒரே கியர், ஃபிக்ஸட். பின்சக்கரம் சுத்துற வரைக்கும் காலும் சுத்தியே ஆகணும், நடுவுல மிதிக்காம சும்மா விட முடியாது. ஸ்ப்ரிண்ட்னா எல்லாரும் ஆரம்பத்துல இருந்தே முழு வேகத்துல பறப்பாங்கன்னு நினைக்காதீங்க. முதல்ல ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே மெதுவா உருட்டுவாங்க, யாரு முதல்ல கிளம்பறதுன்னு. ஏன்னா முன்னாடி போறவன் காத்தைக் கிழிச்சிட்டுப் போகணும், பின்னாடி ஒட்டிட்டு வர்றவனுக்கு அந்தச் சிரமம் இல்ல, கடைசி நேரத்துல பக்கத்துல விலகி வந்து முந்திடலாம். அதனால சாதாரணமா எல்லாருக்கும் பின்னாடி இருக்கத்தான் ஆசை.

டெய்லர் விஷயத்துல இந்தக் கணக்கு தலைகீழ். மத்தவங்க நாலஞ்சு பேர் சேர்ந்து அவரை நடுவுல வச்சுப் பூட்டுவாங்க. முன்னாடி ஒருத்தன், வெளிப்பக்கம் தோளோட தோளா ஒருத்தன், பின்னாடி ஒருத்தன், உள்பக்கம் ட்ராக்கோட ஓரம். இதுல மாட்டினா உங்க காலுல எவ்வளவு பலம் இருந்தாலும் பிரயோஜனம் இல்ல, முன்னாடி இருக்கறவன் வேகம்தான் உங்க வேகம். கூட்டா ஓட்டி இப்படிப் பூட்டறது அன்னைக்கு விதிப்படி தப்பு, ஆனா நடுவர் கண்டுக்கணுமே. இவர் ஒருத்தருக்கு எதிரா ஓட்டல, பூராப் பேருக்கும் எதிரா ஓட்டினார், பரிசுப் பணத்தை அப்புறமா பங்கு போட்டுக்கறதா அவங்களுக்குள்ள பேச்சு வேற.

இதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழி ரெண்டு. ஒண்ணு, பூட்டு விழறதுக்கு முன்னாடியே கிளம்பி முன்னாடி போயிடறது, காத்தை முழுசா தானே வாங்கிக்கிட்டு கடைசி வரைக்கும் தாங்கறது. ரெண்டாவது, உள்ள மாட்டிக்கிட்டா முன்னாடி இருக்கற ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஹேண்டில்பார் அகலம் இடைவெளி வர்ற வரைக்கும் காத்திருந்து, வந்த அந்த ஒரு கணத்துல நுழைஞ்சிடறது. நான் ட்ராக்ல மூணு பேருக்கு நடுவுல மாட்டி இருக்கேன், விரோதம் எதுவும் இல்லாத சாதாரணப் பயிற்சியில. அப்பவே வாய் காய்ஞ்சு போச்சு. பக்கத்துல இருக்கறவன் முழங்கை நம்ம கையில உரசும், அவன் மூச்சு கேக்கும், முன்சக்கரம் லேசா தொட்டா எல்லாரும் கீழ. அந்த இடத்துல, வேணும்னே தள்ளிவிடக் காத்திருக்கறவங்க நடுவுல, இடைவெளி தேடற அளவுக்குத் தலை தெளிவா இருந்துச்சுன்னா அது என்ன மனுஷன்!

இன்னொண்ணு. பழைய ட்ராக் பைக் சேகரிக்கறவங்க கிட்ட கேட்டுப் பாருங்க, "டெய்லர் ஸ்டெம்"னு ஒரு பாகம் உண்டு. ஸ்டெம்னா ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கற தண்டு, இது ஹேண்டில்பாரை முன்னாடி பின்னாடி நகர்த்தி வச்சுக்கற மாதிரி நீண்டு வரும். உடம்பைத் தாழ்த்தி முன்னாடி நீட்டி ஓட்டறதுக்கு அவருக்கு அது வேண்டியிருந்துச்சு.

கறுப்புக்காபி (சனி, காலை 7:15)

முன்சக்கரம் அண்ணே, உங்க ஆதங்கம் புரியுது, ஆனா ஒரு விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். கொடுமையைத் தனியா, ரேஸைத் தனியா பிரிச்சுப் பேச முடியாது. ஒத்தகியர் சொன்ன அந்த "பூட்டு" என்ன? அது ரேஸா கொடுமையா?

1897ல மாசசூசெட்ஸ்ல டான்டன்ங்கற ஊர்ல ஒரு மைல் ரேஸ். டெய்லர் ரெண்டாவதா வந்தார். அவருக்குப் பின்னாடி வந்த பெக்கர்ங்கறவன், ரேஸ் முடிஞ்சதும் பாய்ஞ்சு வந்து அவரை சைக்கிள்ல இருந்து இழுத்துப் போட்டு கழுத்தை நெரிச்சான். டெய்லர் நினைவு இழந்துட்டார், நினைவு திரும்பவே கால் மணி நேரம் ஆச்சு. போலீஸ் வந்து பிரிச்சாங்க. அவனுக்குக் கிடைச்ச தண்டனை 50 டாலர் அபராதம். ஒரு ஆளைக் கொல்லப் பார்த்ததுக்கு!

அதே வருஷம் தேசியப் பட்டத்துக்கான புள்ளிக் கணக்குல நல்லா முன்னேறிட்டிருந்தார். சீசன் கடைசியில ரேஸ் எல்லாம் தென் மாநிலங்களுக்குப் போச்சு, அங்க இருந்த அமைப்பாளர்கள் கறுப்பினத்தவரை ட்ராக்ல ஏத்த முடியாதுன்னுட்டாங்க. ஓடாத ரேஸுக்கு எப்படிப் புள்ளி வரும்? பட்டம் போச்சு. அதுக்கும் முன்னாடி 1894லயே அமெரிக்க சைக்கிள்காரர்களோட பெரிய சங்கம், லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென், கறுப்பினத்தவங்களை உறுப்பினரா சேர்க்க மாட்டோம்னு தீர்மானம் போட்டுடுச்சு. பாஸ்டன் தையல்காரப் பொண்ணு கிட்டி நாக்ஸ் அந்தத் தீர்மானத்துக்கு முன்னாடியே உறுப்பினர் அட்டை வாங்கினவங்க, 1895ல அந்தச் சங்கத்தோட கூட்டத்துக்கு அட்டையைக் கையில வச்சுக்கிட்டே நேரா போய் நின்னாங்க. அவங்களையும் இந்த இழையில ஒரு வரி சொல்லியே ஆகணும். அந்தத் தீர்மானத்தை முறைப்படி ரத்து பண்ணினது எப்ப தெரியுமா? 1999.

முன்சக்கரம் (சனி, காலை 8:02)

@கறுப்புக்காபி சரியாத்தான் சொல்றீங்க, பிரிக்க முடியாது. நான் ஒரு சின்ன திருத்தம் மட்டும் சேர்க்கறேன், ஏன்னா பல இடத்துல தப்பா எழுதறாங்க. அந்தத் தீர்மானம் உறுப்பினர் சேர்க்கைக்குத்தான், தொழில்முறை ரேஸ் ஓட்டற உரிமத்துக்கு இல்ல. அதனாலதான் டெய்லரால ஓட்ட முடிஞ்சுது. கதவை முழுசா சாத்தல, ஒரு இடுக்கு இருந்துச்சு, அந்த இடுக்கு வழியா உலக சாம்பியன் வெளிய வந்துட்டார். ட்ராக்லயும் அதேதான், வாழ்க்கையிலயும் அதேதான்.

இண்டியானாபொலிஸ் விஷயத்தை மறந்துட்டேன். 1896ல கேபிட்டல் சிட்டி ட்ராக்ல அவர் ரேஸ்ல சேர முடியாது, ஆனா நேரம் எடுக்கறவங்களை வச்சு தனியா ஓட்டிக் காட்டினார். ஒரு மைல்லயும் அஞ்சுல ஒரு பங்கு மைல்லயும் அங்க இருந்த பழைய நேரத்தை எல்லாம் தாண்டிட்டார். பலன்? அந்த ட்ராக் பக்கமே வரக்கூடாதுன்னுட்டாங்க. அதே இண்டியானாபொலிஸ்ல 1982ல கட்டின வெலோட்ரோமுக்கு, அதாவது சைக்கிள் ரேஸ் ட்ராக்குக்கு, வச்ச பேரு மேஜர் டெய்லர் வெலோட்ரோம்.

மொன்றியல்பனி (சனி, காலை 9:47)

வணக்கம் எல்லாருக்கும். நான் இஞ்ச மொன்றியலில இருக்கிறன், வந்து 20 வருசத்துக்கு மேல. அந்த உலக சாம்பியன்ஷிப் நடந்தது வெர்டன் பக்கம் குயின்ஸ் பார்க் ட்ராக்கில. என்ர ஊரில இப்பிடி ஒண்டு நடந்தது எண்டு இவ்வளவு காலமும் தெரியாமல் இருந்திட்டன், ராத்திரி இந்த இழையைப் பாத்திட்டுத் தேடித்தேடி வாசிச்சனான்.

அந்த ரேஸில அவர் கூட ஓடின பட்லர் சகோதரர்களை எல்லாம் பின்னுக்கு விட்டிட்டுத்தான் முதலாவதா வந்தவர். வெண்ட பிறகு அமெரிக்கத் தேசிய கீதம் வாசிச்சவை. அமெரிக்காவுக்குள்ள இருந்தபோது கூட இப்பிடி நான் ஒரு அமெரிக்கன் எண்டு உணர்ந்ததில்லை எண்ட மாதிரி அவர் பிறகு எழுதியிருக்கிறார். அதை வாசிக்கேக்க எனக்கு நெஞ்சு அடைச்சிட்டுது. சொந்த நாட்டில கிடைக்காத மரியாதை எல்லை தாண்டி வந்து கிடைக்கேக்க ஒரு மனுசனுக்கு எப்பிடி இருக்கும் எண்டு சொல்லித் தெரிய வேண்டிய ஆக்கள் நாங்கள் இல்லை.

இன்னொரு விசயம் பாருங்கோ. ஜாக்கி ராபின்சனும் 1947ல புரூக்ளின் டொட்ஜர்சுக்குப் போக முன்னம் 1946ல மொன்றியல் றோயல்ஸ் அணிக்குத்தான் விளையாடினவர். அவற்ற சிலை இஞ்ச ஒலிம்பிக் ஸ்டேடியத்தடியில நிக்குது, நான் எத்தினையோ தரம் அதைக் கடந்து போயிருக்கிறன். 47 வருச இடைவெளியில ரெண்டு பேருக்கும் இந்த ஊர்ச்சனம் எழும்பி நிண்டு கைதட்டியிருக்குது.

டீச்சரம்மா (சனி, காலை 11:30)

இவ்வளவு விஷயமா! என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை சொல்லப் போறேன். பசங்க முதல்ல கேக்கறது "எவ்வளவு ஸ்பீடு டீச்சர்?" அப்படின்னுதான். யாராவது கொஞ்சம் எண்ணிக்கையோட சொல்லுங்களேன்.

ஒத்தகியர் (சனி, மதியம் 12:20)

டீச்சரம்மா, பசங்களுக்கு இதைச் சொல்லுங்க. 1899 நவம்பர், சிகாகோ கார்ஃபீல்ட் பார்க் ட்ராக். ஒரு மைல் தூரத்தை 1 நிமிஷம் 19 செகண்ட்ல முடிச்சார். மைல்னா 1.609 கிலோமீட்டர், கணக்குப் போட்டா மணிக்கு 73 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஒத்த கியர் சைக்கிள்ல, 1899ல! அப்ப ரோட்டுல பெரும்பாலும் குதிரைவண்டிதான்.

இதுல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், பின்னாடி யாரும் வந்து கேக்கக் கூடாதுங்கறதுக்காக. இது "பேஸ்" வச்சு எடுத்த ரெக்கார்டு. முன்னாடி நீராவியில ஓடற ஒரு வண்டி போகும், அதோட பின்சக்கரத்துக்கு ரெண்டு சாண் பக்கத்துல இவர் ஒட்டிட்டுப் போகணும், அது காத்தை மறைச்சுக் குடுக்கும். அப்படின்னா சுலபமா? இல்லங்க. அந்த வண்டி மண்ணையும் புகையையும் மூஞ்சியில அடிக்கும், ஒரு இன்ச் பின்தங்கினா காத்துச் சுவர்ல மோதின மாதிரி ஆயிடும், திரும்ப ஒட்டவே முடியாது, ஒரு இன்ச் முன்னாடி போனா மோதல், கையில பிரேக் இல்ல. ஒரு நிமிஷத்துக்குக் காலு எத்தனை சுத்து சுத்தணும்னு நினைச்சுப் பாருங்க. அன்னைக்கு எல்லாரும் இதே மாதிரிதான் ரெக்கார்டு எடுத்தாங்க, ஆக ஒப்பீடு நியாயமானதுதான். 1898லயே வேற வேற தூரங்கள்ல ஏழு உலக ரெக்கார்டு அவர் பேர்ல இருந்துச்சு.

வேகம் மட்டும் இல்ல, தாங்கறதும். 1896 டிசம்பர்ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல ஆறு நாள் ரேஸ். தொழில்முறை வீரரா அவரோட முதல் வாரமே இதுதான், வயசு 18. ஆறு நாள் ராத்திரி பகலா சுத்தணும், யாரு அதிக தூரம் போறாங்கன்னு கணக்கு. தூங்கற நேரத்துல எதிராளி முன்னாடி போயிடுவான், அதனால தூங்க மாட்டாங்க. இவர் ஓட்டினது 1,732 மைல், கிட்டத்தட்ட 2,787 கிலோமீட்டர். எட்டாவது இடம். ஸ்ப்ரிண்ட்காரர் ஒருத்தர் ஆறு நாள் ரேஸ்ல எட்டாவது வர்றதுங்கறது நூறு மீட்டர் ஓட்டக்காரர் மாரத்தான்ல வந்து நிக்கற மாதிரி.

ஒரு உபரித் தகவல்: இந்த ரேஸ்ல ஆளுங்க படற பாட்டைப் பார்த்துட்டு, ஒருத்தர் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு 1898ல நியூயார்க்ல சட்டம் வந்துச்சு. உடனே ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்ந்து மாத்தி மாத்தி ஓட்ட ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு ஒலிம்பிக்ல "மேடிசன்"னு ஒரு பந்தயம் பார்க்கறோமே, அதுக்கு அந்த அரங்கத்தோட பேருதான்.

வூஸ்டர்வாசி (சனி, மாலை 6:05)

ரொம்ப நேரமா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப எழுதாம இருக்க முடியல. நான் இருக்கறது மாசசூசெட்ஸ்ல வூஸ்டர், டெய்லர் தன் ஊர்னு சொல்லிக்கிட்ட இடம். பத்திரிகைக்காரங்க அவருக்கு வச்ச பேரே "வூஸ்டர் சூறாவளி".

இவர் இங்க எப்படி வந்தார்னு யாரும் சொல்லல. லூயிஸ் மங்கர்னு ஒரு பழைய ரேஸ்காரர், எல்லாரும் பேர்டின்னு கூப்பிடுவாங்க, வெள்ளைக்காரர், சைக்கிள் தயாரிக்கற தொழில்ல இருந்தார். இண்டியானாபொலிஸ்ல இந்தப் பையனைப் பார்த்து வேலைக்குச் சேர்த்துக்கிட்டு, பயிற்சியும் குடுத்து, 1895ல வூஸ்டர்க்குத் தொழிலை மாத்தினப்ப கூடவே அழைச்சிட்டு வந்துட்டார். இண்டியானாபொலிஸ்ல ஒய்.எம்.சி.ஏ. ஜிம்முக்குள்ள டெய்லரை நிறத்தைக் காட்டி விடல. வெள்ளைக்காரப் பசங்க உள்ள போக, இவன் மாடியில இருந்து பார்த்துட்டு நின்னிருக்கான். வூஸ்டர் ஒய்.எம்.சி.ஏ.ல அப்படித் தடுக்கல, அதை அவர் கடைசி வரைக்கும் நன்றியோட சொல்லியிருக்கார். ஆனா இந்த ஊரும் முழுசா நல்ல ஊர்னு சொல்ல மாட்டேன். ஹாப்சன் அவென்யூல அவர் வீடு வாங்கினப்ப, அக்கம்பக்கத்து ஆளுங்க கூடுதலா பணம் தர்றோம், வீட்டைத் திருப்பிக் குடுத்துடுன்னு வந்து நின்னாங்க. குடுக்கல. அங்கயேதான் இருந்தார்.

இங்க ஜார்ஜ் ஸ்ட்ரீட்னு ஒரு தெரு இருக்கு. நகரத்தோட மெயின் ஸ்ட்ரீட்ல இருந்து நேரா மேல ஏறும். நீளம் வெறும் 500 அடிதான். ஏத்தம் 18 சதவீதம். டெய்லர் பயிற்சி எடுத்த மேடு அது. வருஷா வருஷம் அவர் பேர்ல அங்க ஒரு ஏத்தப் போட்டி நடக்குது, ஒவ்வொருத்தரா கடிகாரத்தை எதிர்த்து ஏறணும். நான் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஆள் இல்லாத நேரமாப் பார்த்து ஏறிப் பார்த்தேன். கியர் இருக்கற பைக்தான். முதல் நூறு அடி ஒண்ணும் தெரியல. பாதியில முன்சக்கரம் தூக்க ஆரம்பிச்சுடுச்சு, உடம்பை முன்னாடி சாய்ச்சா பின்சக்கரம் வழுக்குது, பின்னாடி சாய்ஞ்சா முன்சக்கரம் தூக்குது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற அந்த ஒரு இடத்துல உடம்பை நிறுத்தணும், நிறுத்திட்டே மிதிக்கணும், மூச்சு தொண்டையில இரும்பு மாதிரி வருது. மேல போய் இறங்கி வேலியைப் பிடிச்சுட்டு நின்னேன். இதை ஒத்த கியர்ல, அந்தக் காலத்து சைக்கிள்ல, தினம் ஏறினவரோட தொடை எப்படி இருந்திருக்கும்!

2008 மே மாசம் நகர நூலகம் பக்கத்துல அவருக்குச் சிலை திறந்தாங்க. திறப்பு விழாவுக்கு டூர் டி பிரான்ஸை மூணு தடவை ஜெயிச்ச கிரெக் லெமாண்ட் வந்திருந்தார். என் பொண்ணு கதைப் புத்தகம் எடுக்கப் போறப்பல்லாம் நாங்க அதைத் தாண்டித்தான் போறோம்.

எட்டரைபஸ் (சனி, மாலை 6:31)

வூஸ்டர் அண்ணே, அந்த ஏத்தத்தைப் படிக்கறப்ப எனக்கே மூச்சு வாங்குது. பாரிஸ்ல ஏதோ பெரிய ரேஸ் ஓட்டினாராமே, அதை யாராச்சும் சொல்லுங்க.

முன்சக்கரம் (சனி, இரவு 8:50)

சொல்றேன் தம்பி, எனக்கு ரொம்பப் பிடிச்ச கதையே அதுதான்.

முதல்ல ஞாயித்துக்கிழமை விஷயம். அவங்கம்மா ரொம்ப பக்தி உள்ளவங்க, 1898ல இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் டெய்லர் வூஸ்டர்ல பாப்டிஸ்ட் சபையில ஞானஸ்நானம் வாங்கினார், ஞாயித்துக்கிழமை ரேஸ் ஓட்டறதில்லன்னு உறுதியா நின்னார். ஐரோப்பாவுல பெரிய ரேஸ் எல்லாமே ஞாயித்துக்கிழமைதான். பெரிய தொகையோட கூப்பிட்டும் போகல. கடைசியில 1901ல ஐரோப்பாக்காரங்கதான் இறங்கி வந்தாங்க, ஞாயிறு இல்லாத ஒப்பந்தத்துல கையெழுத்து. எத்தனை விளையாட்டு வீரருக்காக ஒரு கண்டமே கிழமையை மாத்தியிருக்கு சொல்லுங்க.

பாரிஸ், பார்க் தெ ப்ரின்ஸ் ட்ராக். எதிராளி எட்மண்ட் ஜாக்லின், 1900 உலக சாம்பியன், பிரான்ஸோட செல்லப் பிள்ளை. முதல் மோதல் 1901 மே 16, வியாழக்கிழமை. நல்ல குளிர். டெய்லருக்குக் குளிர் ஆகவே ஆகாது, உடம்பு சூடாகலன்னா கால் வராது. ஜாக்லின் நேர் ரெண்டு ஓட்டத்துல ஜெயிச்சுட்டான். ஜெயிச்சதும் மூக்குல கட்டை விரலை வச்சு விரலை விரிச்சு ஆட்டிக் காட்டினான், சின்னப் பசங்க பழிப்பு காட்டற மாதிரி, அத்தனை ஆயிரம் பேர் முன்னாடி.

மறுபடி மே 27, திங்கட்கிழமை. இந்தத் தடவை வெயில். முதல் ஓட்டம் டெய்லருக்கு. ரெண்டாவது ஓட்டத்துக்கு ரெண்டு பேரும் கோட்டுல நிக்கறப்ப, டெய்லர் கையை நீட்டி ஜாக்லின் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். அவன் எதிர்பார்க்கவே இல்ல. இதை மரியாதைக்காக மட்டும் செய்யல, அவன் மனசைக் கொஞ்சம் அசைச்சுப் பார்க்கறதுக்காகவும்தான் செஞ்சேன்னு அவரே எழுதியிருக்கார். ரெண்டாவது ஓட்டமும் இவருக்கே. கோட்டைத் தாண்டினதும் இடுப்புல செருகி வச்சிருந்த சின்ன அமெரிக்கக் கொடியை எடுத்து ஆட்டிட்டே ட்ராக்கைச் சுத்தி வந்தார்.

மூக்குல விரலை வச்சு ஆட்டினவனுக்குக் கையைக் குடுத்து, அப்புறம் தோக்கடிச்சார். இதைத்தான் நான் முதல் பதிவுல சொன்னேன், அந்த மூளை எப்படி வேலை செஞ்சுதுன்னு பேசுவோம்னு.

கறுப்புக்காபி (சனி, இரவு 10:15)

பாரிஸ் கதை அருமை அண்ணே. நானும் இன்னைக்குப் பூரா படிச்சேன். கடைசிக் காலத்தைப் பத்தி யாரும் எழுதல, நான் எழுதறேன், சோகத்துக்காக இல்ல, ஒரு கேள்வி இருக்கு.

1910ல ஓய்வு. சம்பாதிச்சதைப் போட்ட முதலீடு கை கொடுக்கல, உடம்பும் கெட்டுச்சு, வீடு போச்சு. 1928ல தன் வாழ்க்கை வரலாறைச் சொந்தக் காசுல அச்சடிச்சார். சிகாகோவுல ஒய்.எம்.சி.ஏ.ல தங்கிக்கிட்டு அந்தப் புத்தகத்தை வீடு வீடாப் போய் வித்தார். 1932 ஜூன் 21, குக் கவுண்டி ஆஸ்பத்திரி தர்ம வார்டுல இறந்தார், வயசு 53. பேர் எழுதாத குழி. 1948ல பழைய ரேஸ்காரங்க சிலர் சேர்ந்து, சைக்கிள் கம்பெனிக்காரர் ஃபிராங்க் ஷ்வின் பணம் குடுக்க, அங்கிருந்து எடுத்து நல்ல இடத்துல அடக்கம் பண்ணிக் கல் வச்சாங்க.

அந்தக் கல்லுல, நெஞ்சில் பகை இல்லாமல் கஷ்டப்பட்டு மேலே வந்தவர், தன் இனத்துக்குப் பெருமை சேர்த்தவர்ங்கற மாதிரி எழுதியிருக்கு. வச்சவங்க அன்பாத்தான் வச்சாங்க, அதுல சந்தேகம் இல்ல. ஆனா எனக்கு உறுத்துது. ஒரு வெள்ளைக்கார சாம்பியன் கல்லுல "இனத்துக்குப் பெருமை"ன்னு எழுதுவாங்களா? பகை இல்லாம இருந்தாதான் கறுப்பின மனுஷனைக் கொண்டாடுவோம்னா, கழுத்தை நெரிச்சவன் மேல அவருக்குக் கோவப்படக் கூட உரிமை இல்லையா?

வூஸ்டர்வாசி (சனி, இரவு 10:48)

@கறுப்புக்காபி கேள்வி நியாயம்தான். ஆனா அந்தப் புத்தகத்தை நான் இங்க நூலகத்துல எடுத்துப் படிச்சிருக்கேன். அவர் எதையும் முழுங்கல. யாரு எந்த ரேஸ்ல தள்ளினான், யாரு யாரோட கூட்டுச் சேர்ந்தான்னு ரேஸ் ரேஸா எழுதி வச்சிருக்கார். பகை இல்லன்னா மறந்துட்டார்னு அர்த்தம் இல்ல. எல்லாத்தையும் பேரோட பதிவு பண்ணிட்டு, அதுக்கப்புறமும் நிதானமா இருந்தார்.

கறுப்புக்காபி (சனி, இரவு 10:59)

அப்படின்னா சரி. பேரோட எழுதி வச்சாருங்கறது எனக்குப் பிடிச்சிருக்கு.

டீச்சரம்மா (ஞாயிறு, காலை 8:20)

அவர் குடும்பத்தைப் பத்தித் தேடினேன். மனைவி பேரு டெய்ஸி, 1902ல கல்யாணம். ரெண்டு பேரும் ஆஸ்திரேலியா போனாங்க, அங்கயும் ரேஸ் ஓட்டினார், ஜனங்க திரண்டு வந்து வரவேற்றிருக்காங்க. 1904 மே மாசம் சிட்னியில பெண் குழந்தை. ஊர்ப் பேரையே வச்சுட்டாங்க, ரீட்டா சிட்னி. அந்தம்மா 101 வயசு வரைக்கும் இருந்து 2005லதான் இறந்தாங்க. என் வகுப்புல பாதிப் பசங்களுக்கு 2005ங்கறது அவங்க அக்கா, அண்ணன் பிறந்த வருஷம். அவ்வளவு பக்கத்துல இருந்திருக்கு இந்தக் கதை. நாளைக்கு இதுல இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன்.

முன்சக்கரம் (ஞாயிறு, காலை 9:05)

டீச்சரம்மா, முடிக்கறப்ப பசங்களுக்கு இன்னொண்ணும் சொல்லுங்க. ரெண்டு மூணு வருஷம் சைக்கிளையே தொடாம இருந்துட்டு 1907ல திரும்ப வந்தார், உடம்பு பெருத்துப் போயிருந்துச்சு. முதல்ல வரிசையா தோல்வி. விடாம இளைச்சு, 1908ல பாரிஸ்ல மறுபடி உலக ரெக்கார்டு எடுத்தார். ஓய்வுக்கு அப்புறம் ஏழு வருஷம் கழிச்சு, 1917ல நியூ ஜெர்சில பழைய ரேஸ்காரங்களுக்குன்னு ஒரு பந்தயம் வச்சாங்க. இவருக்கு 38 வயசு. வந்தார், கோட்டுல நின்னார், அதையும் ஜெயிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.